அருவியடிக்கு யாரும் வரவில்லை

அத்தியாயம் 5

கோபாலசிங்கம் கழுத்துப்பட்டி கட்டாமல் துப்பறியப் போனதில்லை. காட்டுக்குப் போகிற அன்றும் கட்டிக்கொண்டார். முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்த கறுப்புத் தோல் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டார்.

தெருவோரம் தன் பழைய பண்டா காரில் சாய்ந்து நின்ற கிளறா அவரைத் தலையிலிருந்து கால் வரை அளந்தாள். காட்டில் நரிக்குக் கலியாணமோ, தனக்கும் அழைப்பு உண்டோ என்று விசாரித்தாள்.

"தொழிலுக்கு எண்டு ஒரு மரியாதை இருக்கு, பிள்ளை."

"ஓம் அண்ணை. மரியாதை கதவுக்குள்ள அகப்படாமல் பாத்து ஏறுங்கோ."

கோபாலசிங்கம் கழுத்துப்பட்டியின் நுனியை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். பதில் சொல்லலாம்தான். ஆனால் கார் அவளுடையது, பெற்றோலும் அவளுடையது.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் உள்ள ஒரு மாடிக் கட்டடத்தின் வாயிற்காவலர் அவர். வாசலோரத்துக் கண்ணாடி அறையில் இருந்துகொண்டே யார் எந்த முகத்தோடு வெளியே போகிறார், எந்த முகத்தோடு திரும்பி வருகிறார் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த மூளை அது. இரண்டாம் மாடிச் சிஞ்ஞோறா என்கிற இத்தாலிய அம்மாவின் கிளியை அவர் கண்டுபிடித்துக் கொடுத்த நாளில் இருந்து, பலெர்மோத் தமிழருக்கு ஏதும் காணாமற்போனால் அந்தக் கண்ணாடி அறைக்குத்தான் வருவார்கள். கிளறா மன்னார் நானாட்டானில் இருந்து வந்த பெற்றோருக்குப் பலெர்மோவிலேயே பிறந்தவள். கோடை வந்தால் மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றில் மேசைக்கு மேசை ஓடுவாள். கோடை வரும்வரை கோபாலசிங்கத்தின் உதவியாளர். அந்தப் பதவியைக் கொடுத்தது யார் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.

இந்த முறை காணாமற்போனது கிளியல்ல, ஒரு பெண்ணின் நம்பிக்கை.

பெண்ணின் பெயர் கிருசாந்தினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வயதான சிஞ்ஞோறா ஒருவரைப் பராமரிக்கிறாள். நேற்று மாலை வீங்கிய கண்களோடு கண்ணாடி அறைக்கு வந்து, நின்றபடியே முழுவதையும் சொன்னாள். அவளும் மன்னார்ப் பெடியன் கொட்வினும் ஒருவரையொருவர் விரும்பியது ஊருக்கே தெரியும். தகப்பன் செல்வராசாவுக்கு மட்டும் தெரிந்தும் தெரியாது. அவர் கனடாவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஈஸ்டருக்கு மறுநாள் தமிழ்ச் சனம் பஸ் பிடித்துக் காட்டுப் பூங்காவுக்குச் சுற்றுலா போனபோது, புரியாணி வரிசையில் கொட்வின் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். வாயைத் திறவாத மாதிரி நின்றுகொண்டு, ஒரே ஒரு வசனம் சொன்னான்.

"ஓம் எண்டால் சாப்பிட்டு முடிய அருவியடிக்கு வாரும்."

அவள் போனாள். தண்ணீர்த் தூறலில் சட்டையெல்லாம் நனைய, பஸ் கோர்ண் அடிக்கும்வரை அருவியடியில் நின்றாள். அவன் வரவில்லை. நனைந்து திரும்பியதற்குத் தகப்பனிடம் ஏச்சும் வாங்கினாள். அன்றிரவு அவனுக்கு எழுதினாள், ஏமாற்றிவிட்டீர்கள் என்று. பதில் பாய்ந்து வந்தது. அருவியடியில் காத்திருந்தது தான்தான், வராதது அவள்தான், விருப்பமில்லை என்பதை இப்படியா சொல்வது என்று. அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனில் ஒருவரையொருவர் தடுத்துவிட்டார்கள்.

இப்போது கொட்வின் மொண்டெல்லோவில் மீன் பொரிக்கிற வேலையை விட்டுவிட்டான். இன்று மாலைக் கப்பலில் ஜெனோவாவுக்குப் போகிறான். செல்வராசா ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்கு வாக்குக் கொடுக்கப் போகிறார்.

"அவர் வந்தவரோ இல்லையோ எண்டு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ, மாமா," என்று கிருசாந்தினி சொன்னாள். "வந்தவர் எண்டால் நான் போய் மறிப்பன். பொய் எண்டால் அப்பா சொல்லுறதுக்குத் தலையாட்டுவன். பொய் சொல்லுறவருக்காக அழுதுகொண்டு என்னால இருக்கேலாது."

கோபாலசிங்கம் காலையிலேயே கொட்வினைப் போனில் பிடித்துக் கேட்டிருந்தார். அவன் கோபமாகத்தான் கதைத்தான். சத்தியம் பண்ணமாட்டேன் என்றான். கிருசாந்தினிக்குப் பிடிக்குமென்று வியா மக்வேதாத் தெருவுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு நெல்லிரசப் போத்தல் வாங்கிக்கொண்டு போனானாம். குளிரட்டும் என்று அருவித் தண்ணீருக்குள் வைத்தானாம். ஒரு இலை விழுந்தாலும் அவளுடைய கொலுசோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தானாம். கடைசியில் வெறுத்துப்போய்ப் போத்தலை அங்கேயே விட்டுவிட்டு வந்தானாம். நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள் என்றான்.

போய்ப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

"அண்ணை, நீங்களும் அந்தச் சுற்றுலாவுக்குப் போனனீங்கள்தானே?" என்றாள் கிளறா, நகரத்தைத் தாண்டிக் கார் மலைப்பாதையில் ஏறும்போது. "நீங்கள் ஒண்டும் காணேல்லையே?"

கோபாலசிங்கம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். புரியாணிக்குப் பிறகு ஒரு மரத்தடியில் படுத்து, பஸ் கோர்ண் அடித்தபோதுதான் எழும்பினார் என்பது உண்மை. ஆனால் எழும்பியபின் ஒன்றைக் கண்டார். கொட்வின் ஒரு சப்பாத்தைத் தரையில் இழுத்து இழுத்து நடந்து வந்து பஸ்ஸில் ஏறினான். நடையே சரியில்லை, மனதில் ஏதோ மறைக்கிறான் என்று அப்போதே முடிவுகட்டினார். அதை மட்டும் கிளறாவிடம் சொன்னார்.

"நித்திரையில கண்டனீங்களோ?"

"பாதையைப் பாத்து ஓட்டு."

பூங்கா வாசலில் போனில் இருந்த கடைசிச் சிக்னல் கோடும் மறைந்தது. உள்ளே ஓக் மரங்கள் தலைக்கு மேலே கைகோத்து நின்றன. கல்லெல்லாம் பாசி. நடைபாதை தவறாமல் இருக்க மரங்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். முதல் பட்டையைக் கண்டதும் கோபாலசிங்கத்தின் வலது கால் தானாகவே சப்பாத்தைக் கழற்றப் பார்த்தது. கோயில் மதிலில் அடிக்கிற பட்டை அது. கிளறா கண்டுவிட்டாள்.

"உள்ள சாமி இல்லை, அண்ணை. காட்டுப்பண்டிதான் இருக்கு."

கொஞ்சத்தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் செங்குத்தான ஏற்றம். நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழி என்று ஒரு மரப்பலகையில் 'கஸ்காத்தா' என எழுதி அம்பு போட்டிருந்தது. இடப்பக்கம் மெல்லிய இறக்கம், மரப்பாலத்துக்குப் போகிறது. கிளறா ஒன்றும் கேட்காமல் இடப்பக்கம் இறங்கத் தொடங்கினாள்.

"எங்கை போறாய்? இஞ்சாலை, மேலை."

அவள் நின்றாள். பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ஏற்றத்தைக் கண்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கால் தானாக இறக்கத்துக்குத் திரும்பும் என்று கோபாலசிங்கம் எண்ணிக்கொண்டார். நாலு திருப்பம் ஏறுவதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. தோல் சப்பாத்து பாசியில் இரண்டு தரம் வழுக்கியது. கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் போய்விட்டது. கிளறா பெருந்தன்மையோடு கை கொடுத்தாள். கொடுத்ததை இரண்டு தரம் சொல்லியும் காட்டினாள்.

நீர்வீழ்ச்சி அவர்கள் கண்ணில் படுமுன்னரே காதில் விழுந்தது. கிட்டப் போனதும் வேறு எதுவும் காதில் விழவில்லை. பாறையின் உச்சியில் இருந்து தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது. எழும்பிய தூறல் முகத்தில் அடித்தது. கோபாலசிங்கம் போத்தலைத் தேடு என்றார். கிளறா என்ன என்றாள். அவர் கத்தினார். அவளும் கத்தினாள். கடைசியில் கையால் போத்தல் குடிப்பது போலக் காட்டினார். இப்போது வேண்டாம், கார் ஓட்டவேண்டும் என்று அவள் கையைக் காட்டி மறுத்தாள்.

தேடினார்கள். கல்லைப் புரட்டினார்கள், பன்னச்செடிகளை விலக்கினார்கள், குளம்போல் தேங்கிய இடத்தில் கிளறா முழங்கால் வரை இறங்கிக் கையால் துழாவினாள். கிடைத்தது ஒற்றைக் காலுறையும் ஒரு வெயில் கண்ணாடியும். போத்தல் இல்லை.

தூறல் படாத தூரத்துக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். வேறு யாராவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கிளறா சொன்னாள். கோபாலசிங்கம் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அந்தக் கிளியைக் கண்டுபிடித்த நாளின் ஒளி கொஞ்சம் இருந்தது, ஆனால் சந்தோசம் இல்லை.

"போத்தலை விடு. பெடியன் காலமை என்ன சொன்னவன்? இலை விழுந்தாலும் அவளின்ர கொலுசோ எண்டு திரும்பினானாம். நான் உனக்குப் பக்கத்தில நிண்டு கத்தினது உனக்குக் கேட்டதே?"

"இல்லை."

"இடி விழுந்தாலும் கேளாத இடத்தில இவனுக்கு இலை விழுந்தது கேட்டதாம். அவன் இந்தப் பக்கமே வரேல்லை."

"இஞ்சை அவன் வரேல்லைத்தான்," என்றாள் கிளறா. "அதில எனக்கொரு சந்தேகமும் இல்லை."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வழக்கமாக ஒரு முடிவைச் சொன்னால் அதற்கு மூன்று நொட்டை சொல்லுவாள். சரியான முடிவு என்றால் அவளுக்கும் விளங்கத்தானே வேண்டும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

இறங்கும்போது மெச்சல் கரைந்துவிட்டது. கிருசாந்தினியிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டிப் பார்த்தார். எந்த வசனமும் பிடிக்கவில்லை. கொட்வின் பொய்யனாக இருக்கக்கூடாது என்று காலையில் இருந்தே உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பிள்ளை தலையாட்டும், செல்வராசா வாக்குக் கொடுப்பார், கப்பல் போகும். கண்ணாடி அறையில் இருந்துகொண்டு, கனடாவுக்குப் போகிற பெட்டிகளை அவர்தான் தூக்கிக் காரில் ஏற்றவும் வேண்டும்.

பாதை பிரியும் இடத்துக்கு வந்தார்கள். வாசல் பக்கம் திரும்பிய கோபாலசிங்கத்தின் சட்டைக்கையைக் கிளறா பிடித்தாள்.

"அப்ப அண்ணை, இனி அருவிக்குப் போவமே?"

கோபாலசிங்கம் நின்றார்.

"எங்கை?"

"அருவிக்கு."

"இவ்வளவு நேரமும் எங்கை நிண்டனாங்கள்?"

"நீர்வீழ்ச்சியில." கிளறா இடப்பக்கத்து இறக்கத்தைக் காட்டினாள். "அருவி அங்கை எல்லோ ஓடுது. பாலத்துக்குக் கீழ."

கோபாலசிங்கம் அவளையே பார்த்தார். "அருவி எண்டால் மேல இருந்து விழுறது, பிள்ளை."

"விழுறது நீர்வீழ்ச்சி. அருவி ஓடுறது. அம்மா சின்னனில அருவியில நீந்தினனான் எண்டுதான் எப்பவும் சொல்லுவா. நானாட்டானில மலையே கிடக்கு, மேல இருந்து விழ?"

கோபாலசிங்கம் கழுத்துப்பட்டியை முன்னுக்கு எடுத்து நேராக்கினார். மூளை வேலை செய்யத் தொடங்கினால் கை தானாகச் செய்கிற வேலை அது.

அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. தண்ணீர் என்றால் கிணறு. அருவி என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மலையில் இருந்து விழுகிற படம். கிருசாந்தினிக்கும் அதே புத்தகம், அதே படம். ஆனால் மன்னாரில் கடலுக்கு இறங்குகிற ஆற்றின் பெயரே அருவியாறு. அந்தக் கரையில் பிறந்தவர்கள் ஆற்றைச் செல்லமாக அருவி என்று சுருக்கிவிட்டால், அருவியடிக்கு வா என்பதற்கு ஆற்றங்கரைக்கு வா என்பதுதானே பொருள்.

"கொட்வின் எந்த ஊர்?" என்று கேட்டார். கேட்கும்போதே விடை தெரியும்.

"எங்கட ஊர்தான். அம்மாவின்ர வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை."

"பிறகு ஏன் என்னோட நீர்வீழ்ச்சிக்கு ஏறினனீ?"

"நீங்கள் ஏறினீங்கள். துப்பறியிறவர், ஏதோ காரணம் இருக்கும் எண்டு நினைச்சன். கேட்டால் தொழில் இரகசியம் எண்டு சொல்லுவீங்கள்."

அவர் தோல் சப்பாத்தையும் பாசியையும் மறந்து இடப்பக்கத்து இறக்கத்தில் ஓடினார். துப்பறியத் தொடங்கிய நாளில் இருந்து அவர் ஓடிக் கிளறா கண்டது அன்றுதான்.

மரப்பாலத்துக்குக் கீழே ஓடை சத்தம் காட்டாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிந்து, அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஓக் மரத்தில் இருந்து ஒரு பழைய இலை விழுந்தது. விழுந்த சத்தம் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது.

கரையோரம் மரவேர் ஒன்றில் ஒரு கறுத்தக் கயிறு கட்டியிருந்தது. கிளறா இழுத்தாள். மூன்று கல்லுக்கு நடுவே இருந்து நெல்லிரசப் போத்தல் எழும்பி வந்தது, மூடி திறக்காமல், கழுத்தில் கயிற்று முடிச்சோடு.

கோபாலசிங்கம் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது சப்பாத்துக் கயிறு. தண்ணீர் போத்தலை இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்று பெடியன் தன் சப்பாத்தில் இருந்து உருவிக் கட்டியிருக்கிறான். நடை கோணினதுக்கும் மனதில் மறைத்ததுக்கும் சம்பந்தமே இல்லை. கயிறில்லாத சப்பாத்து கழன்று போகாமல் இருக்கக் காலை இழுத்திருக்கிறான்.

"உங்கட நித்திரையிலயும் ஒரு சாட்சியம் இருந்திருக்கு, அண்ணை," என்றாள் கிளறா.

"ரெண்டு பேருமே பொய் சொல்லேல்லை." அவர் போத்தலை வாங்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் அருவியடியில நிண்டிருக்குதுகள்."

"பலகையில எழுதியிருக்கிற மாதிரி கஸ்காத்தாவுக்கு வா எண்டு இத்தாலியனில கேட்டிருந்தால் இண்டைக்கு நாங்கள் கலியாணச் சாப்பாடு கதைச்சிருப்பம். தமிழில கேட்டுக் கெட்டுப்போனான்."

வாசலுக்கு வந்து போனில் கோடு ஏறியதும் கோபாலசிங்கம் கிருசாந்தினியை அழைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொட்வினின் ஊரில் ஆற்றுக்குத்தான் அருவி என்று பெயர், அவன் பாலத்தடியில் நின்றான், போத்தல் கையில் இருக்கிறது என்றார். மறுமுனையில் சிஞ்ஞோறா யாரோடு கதைக்கிறாய் என்று கேட்கிற குரல் தூரத்தில் கேட்டது. பிறகு கதவு அடிபட்டுச் சாத்துகிற சத்தம். அழைப்பு அறுந்துவிட்டது.

அவள் போகிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. கொட்வினின் போன் அணைந்து கிடந்தது. கிளறா மலைப்பாதையில் காரை விரட்டிய விதத்தைப் பற்றிக் கோபாலசிங்கம் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. கண்ணை மூடியிருந்ததால் சொல்ல அவருக்கு விபரமும் இல்லை.

துறைமுகத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. லொறிகள் ஏறி முடிந்து, கால்நடையாக வந்த பயணிகளின் வரிசை கப்பலின் வாய்க்குள் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கொட்வின் வரிசையின் நடுவில், முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. ஒரு சப்பாத்தில் கறுப்புக் கயிறு, மற்றதில் வெள்ளை.

கோபாலசிங்கம் அவன் முன்னால் போத்தலை நீட்டினார். அவன் அதையும் முடிச்சையும் பார்த்தான். இப்ப நம்புறீங்களோ என்று மட்டும் கேட்டான். அவருடைய நம்பிக்கை அவனுக்குத் தேவைப்பட்ட நம்பிக்கை இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அவர் சொல்லத் தொடங்கினார். அவள் நீர்வீழ்ச்சியடியில், நனைந்துபோய், பஸ் கோர்ண் அடிக்கும்வரை நின்றாள் என்று சொன்னதும் கொட்வினின் கைப்பை கீழே விழுந்தது.

"அதுக்கு ஏன் அங்கை போனவ? நான் அருவிக்கு எல்லோ..." அவன் வசனத்தை முடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பயணச்சீட்டுப் பார்க்கிற ஆள் கொட்வினுக்கு முன்னால் நின்றவரை உள்ளே அனுப்பிவிட்டுக் கையை நீட்டினான். கொட்வின் சீட்டை எடுத்தான், கொடுக்கவில்லை. அவன் கண் தெருப்பக்கம் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

பிறகு ஒரு ஆள் தெரிந்தது. பொலிதேயாமாப் பக்கத்து வீதியால் ஒருத்தி ஓடி வந்தாள். சமையல் ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு. இலை விழுந்தால் கேட்கிற காட்டில் காத்திருந்து அவன் கேளாத கொலுசு, லொறிச் சத்தத்துக்கும் கப்பல் சத்தத்துக்கும் நடுவே கேட்டது.

கிருசாந்தினி அவன் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கோபாலசிங்கத்தின் கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள், அவனுடைய சப்பாத்துகளைப் பார்த்தாள். அழுவாள் என்று கோபாலசிங்கம் எதிர்பார்த்தார். அவள் கிளறாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்கட ஊரில ஓம் எண்டால் என்ன?"

"ஓம் எண்டால் ஓம்தான்," என்றாள் கிளறா. "அதில ஒரு குழப்பமும் இல்லை."

கிருசாந்தினி கொட்வினைப் பார்த்தாள்.

"அப்ப ஓம்," என்றாள்.

பயணச்சீட்டு ஆள் பொறுமை இழந்து, ஏறுகிறாயா இல்லையா என்று இத்தாலியனில் கேட்டான். பலெர்மோவில் எத்தனையோ வருசம் வேலை செய்து இத்தாலியனைக் கரைத்துக் குடித்திருந்த கொட்வினுக்கு அந்த நேரம் ஒரு இத்தாலியச் சொல்லும் வாயில் வரவில்லை.

"இல்லை," என்றான் தமிழில், அவளைப் பார்த்தபடியே.

சீட்டு ஆள் அவனைப் பார்த்தான், ஏப்ரனோடு நின்ற பெண்ணைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே அவனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அந்தச் சொல் மட்டும் யாருக்கும் பிழையாக விளங்கவில்லை.